நாலு ஸ்லைஸ், கூட என்ன?

"அண்ணாச்சி, பிரெட்டு உடம்புக்கு நல்லதா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எதோட சாப்பிடுறீங்க?"

அசோக் பில்லரிலிருந்து பொடிநடையாக வந்துவிடக்கூடிய ஒரு குறுக்குத் தெருவில் பேக்கரி வைத்திருப்பவன் நான். பாதி வாழ்க்கை அடுப்புக்கு முன்னால் போனது, மீதி கல்லாவில் போகிறது. கல்லாவில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. பிரெட் பாக்கெட்டோடு சேர்ந்து வேறு என்ன பில் ஆகிறது என்பது அவன் கண்ணில் படும். பெரும்பாலும் ஜாம் பாட்டில், வெண்ணெய், கிரீம் பிஸ்கட், குளிர்பானம். முட்டை வாங்குகிறவர்கள் உண்டு, குறைவு. வேர்க்கடலை வாங்குகிறவர்கள் அதைவிடக் குறைவு. பிரெட்டின் சத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது இந்தப் பில்களைப் பார்த்துத்தான். புத்தகங்களையும் அட்டவணைகளையும் தேடிப் போனது அதற்குப் பிறகு.

நான் மாவு பிசையக் கற்றது தூத்துக்குடியில், முந்திரி மக்ரூனுக்குப் பேர்போன ஊரில். அங்கே நாங்கள் போட்டது விறகு அடுப்பில் வெந்து, மேல்தோல் கருஞ்சிவப்பாக வந்து, தாளில் சுற்றிக் கொடுக்கிற முழு பிரெட். சென்னைக்கு வந்தபோது இங்கே கேட்டது வேறு. மூடி போட்ட டின்னில் சதுரமாக வெந்து, ஒரே கனத்தில் வெட்டி, உறையில் வாய் கட்டிய பிரெட். ஸ்லைஸ் போட்ட பிரெட் உலகத்தில் முதலில் விற்பனைக்கு வந்தது 1928 ஜூலையில், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துச் சில்லிகோத்தி என்ற சிற்றூரில். வெட்டும் இயந்திரத்தைச் செய்தவர் ஓட்டோ ரோவெடர். அந்த இயந்திரம் சாப்பாட்டு அளவையும் மாற்றியது என்பது என் எண்ணம். முழு பிரெட் வாங்கும் வீட்டில் யாராவது எழுந்து கத்தி எடுக்க வேண்டும், வேண்டிய அளவு வெட்டுவார்கள். ஸ்லைஸ் பாக்கெட்டில் கை தானாக அடுத்ததற்குப் போகும். பசிக்கு இரண்டு போதும் என்கிறவர்கூட நாலு எடுப்பார்.

அதனால் கணக்கை நாலு ஸ்லைஸுக்கே போடுகிறேன். எங்கள் தொழிலில் எல்லா அளவும் மாவை வைத்துத்தான். மாவு 100 என்றால் தண்ணீர் 60க்குப் பக்கம், உப்பு 2க்குக் கொஞ்சம் குறைவு, ஈஸ்ட் 2 அல்லது 3, எண்ணெயோ வனஸ்பதியோ 2 முதல் 4, சர்க்கரை சால்ட் பிரெட்டுக்கு 3 அல்லது 4. ஸ்வீட் பிரெட், மில்க் பிரெட் என்றால் சர்க்கரை 10ஐயும் தாண்டும். வெந்து, ஆவி போய், ஆறி நிற்கும்போது அந்த 100 மாவு ஏறத்தாழ 150 பிரெட் ஆகியிருக்கும். ஆக, 400 கிராம் பாக்கெட்டுக்குள் 265 கிராம் மாவு இருக்கிறது. ஒரு ஸ்லைஸ் 25 கிராம் என்று வைத்தால், நாலு ஸ்லைஸில் 65 கிராம் மாவு. இந்த 65ஐ நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதை வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில், மைதாவில் 100 கிராமுக்குப் புரதம் 10.4 கிராம், நார்ச்சத்து 2.8 கிராம் என்று இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் புரதம் 7.9, நார்ச்சத்து கிட்டத்தட்ட மைதா அளவே. இதை நான் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. "சோத்துல சத்து, மைதாவுல ஒண்ணுமில்ல" என்பதுதான் எங்கள் தெருவின் நம்பிக்கை. புரதத்தை மட்டும் பார்த்தால் வெள்ளைச் சோற்றுக்கும் வெள்ளை பிரெட்டுக்கும் சண்டை போட ஒன்றுமில்லை, மைதா ஒரு படி மேலேயே நிற்கிறது. நாலு ஸ்லைஸில் 250 கலோரிக்குப் பக்கம், 7 கிராம் புரதம், 2 கிராமுக்கும் குறைவான நார்ச்சத்து. உப்பு 1.2 கிராம் அளவில் வரும். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழே உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாலு ஸ்லைஸ் முடித்து எழும்போது அதில் நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. பிரெட் உப்புக் கரிப்பதில்லை என்பதால் இது யார் நினைவிலும் வராது. என் கடை மாவில் நான் உப்பை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தேன். ஓர் அளவுக்குக் கீழே போனால் மாவு தளர்ந்து ஒட்டும், ஈஸ்ட் கட்டுமீறிப் பொங்கும், அதுதான் எல்லை. அந்த எல்லை வரை வந்தும் ருசி குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

இந்த வட்டாரத்தில் பிரெட் வீட்டுக்குள் நுழைந்தது காய்ச்சல் வழியாக. நான் கடை தொடங்கிய நாட்களில் பிரெட் வாங்க வந்தவரிடம் "வீட்ல யாருக்கு முடியலை?" என்று கேட்பது வழக்கமான விசாரிப்பு. கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பார்வையாளர் நேரத்தில் போகிறவர்கள் எங்கள் பக்கம் வந்து ஒரு பிரெட், அரை டஜன் சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் என்று வாங்கிப் போவார்கள். பாலில் நனைத்த பிரெட்டை டாக்டர்கள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நார் குறைவு, மென்மை, வயிற்றைச் சிரமப்படுத்தாது, வாய்க்கசப்பிலும் இறங்கும். டைபாய்டு வந்து எழுந்தவருக்கு அது சரியான சாப்பாடு. குடலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக நாரை நீக்கிய உணவு அது. காய்ச்சல் போன பிறகும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தினமும் காலையில் அதையே கொடுத்தால், ஓய்வு தேவையில்லாத குடலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். பால் இருந்த இடத்தில் ஜாமும் வந்துவிட்டது. காய்ச்சல்காரருக்காவது பாலின் புரதம் கிடைத்தது.

ஜாம் என்று விற்க வேண்டுமென்றால் அதில் கரைந்திருக்கும் திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். அந்த 65இல் பெரும்பகுதி சர்க்கரைதான், சர்க்கரை இல்லாமல் ஜாம் கெட்டிப்படாது, கெடாமலும் நிற்காது. பிரெட்டின் மாவுச்சத்தே வேகமாகச் சர்க்கரையாகிற ரகம். வெள்ளை பிரெட்டின் கிளைசீமிக் குறியீடு 70ஐத் தாண்டி நிற்கும். அதன் மேல் நேரடிச் சர்க்கரையைப் பூசி, ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட காபியோடு அனுப்புகிறோம். பிள்ளைக்குப் பத்தரை மணிக்கே பசிக்கிறது.

இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அரிசிதான், அதுவும் சீக்கிரம் ஜீரணமாவதுதான். ஆனால் இட்லிக்குள்ளேயே உளுந்து இருக்கிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. வெளியே சாம்பாரில் துவரம்பருப்பு, சட்னியில் பொட்டுக்கடலை, பொடியில் மறுபடியும் உளுந்தும் கடலைப்பருப்பும். தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, கோதுமையில் அது ரொம்பவே குறைவு. பருப்பு வகைகளில் லைசின் நிறைய. பருப்பில் குறைகிற மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் உடம்பு அந்தப் புரதத்தை முழுசாக எடுத்துக் கட்ட முடியும். இட்லி சாப்பிடுகிறவர் இதைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே சரியாகச் சாப்பிட்டுவிடுகிறார். பிரெட் இந்த ஊருக்கு வரும்போது தனியாக வந்தது. அதற்குத் துணை எது என்று நாம் முடிவு செய்யவே இல்லை. விளம்பரம் முடிவு செய்தது.

இந்த லைசின் விஷயம் அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. பி.எல். 480 ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம் அது, தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு ஆட்சியையே அசைத்த காலம். 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையிலும் அதற்கு ஆலை இருந்தது. வைட்டமின்களோடு லைசினையும் சேர்த்து அந்த பிரெட்டைச் சத்தூட்டிய பிரெட்டாக விற்றார்கள். அரிசி உண்ணும் ஜனங்களைக் கோதுமைக்குப் பழக்க வேண்டும், பழகும்போது சத்தும் போய்ச் சேர வேண்டும் என்று யாரோ அக்கறையோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு மாடர்ன் பிரெட்டின் மெழுகுத்தாள் உறை நன்றாக நினைவிருக்கும். 2000 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் 74 சதவீதப் பங்குகளை அரசு இந்துஸ்தான் லீவருக்கு விற்றது. பிறகு கை மாறிக் கை மாறி இன்று மெக்சிகோ நாட்டு பிம்போ குழுமத்திடம் இருக்கிறது. பிரெட் வியாபாரத்தில் அரசு இருக்க வேண்டுமா என்பது வேறு பேச்சு. ஆனால் ஒரு ஸ்லைஸுக்குள் என்ன புரதம் இருக்கிறது, அதில் எது குறைகிறது என்று பொதுக் காசில் கவலைப்பட்ட ஒரு காலம் இருந்தது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன்.

மாவில் லைசின் கலக்கத் தேவையே இல்லாமல் இதைச் சரிசெய்து வைத்திருக்கும் தமிழர்களை நான் என் கடையிலேயே பார்த்தேன். எண்பதுகளுக்குப் பிறகு அசோக் நகர், கே.கே. நகர், வளசரவாக்கம் பக்கமெல்லாம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருந்தன. அவர்களில் ஓர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், சாயங்காலமானால் வருவார். "தம்பி, வெட்டாத பாண் ஒண்டு தாங்கோ" என்பார். ஸ்லைஸ் போட்டதை ஒருநாளும் வாங்கியதில்லை. தூத்துக்குடி அடுப்பு நினைவில் அவருக்காக மூடி போடாத டின்னில் சில பிரெட்டுகள் தனியாக வேகவைப்போம். ஒருநாள், இவ்வளவு பிரெட்டுக்கு ஜாம் வேண்டாமா என்று கடைப்பையன் கேட்டான். அவர் வியப்போடு பார்த்தார். "பாணுக்குப் பருப்புக்கறியும் சம்பலும் எல்லோ. ஜாமோ?" என்றார்.

அந்த அம்மா பிறகு ஒரு தூக்குச்சட்டியில் பருப்புக்கறி கொண்டுவந்து கொடுத்தார். மைசூர்ப் பருப்பைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மஞ்சள், பச்சை மிளகாய், கடைசியில் தாளிதம். கூடவே இடித்த தேங்காய்ச் சம்பல். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காலையில் கடைப் பாண், வீட்டுப் பருப்பு, சம்பல், மிஞ்சிய மீன்குழம்பு இருந்தால் அதுவும் என்பது சாதாரணச் சாப்பாடு. அங்கேயும் வெள்ளை மாவுதான், அங்கேயும் இறக்குமதிக் கோதுமைதான். ஆனால் பாண் அங்கே சோற்றின் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. சோற்றுக்கு என்னென்ன துணை உண்டோ அத்தனையும் அதற்குக் கிடைத்தன. நம் ஊரில் பிரெட் பிஸ்கட்டின் இடத்தில் உட்கார்ந்தது. பிஸ்கட்டுக்கு யாரும் குழம்பு வைப்பதில்லை. இத்தனை வருடத் தொழிலில் பிரெட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்தத் தூக்குச்சட்டியில் இருந்தது.

அதற்குப் பிறகு கல்லாவில் நின்று இதைப் பேச ஆரம்பித்தேன், இன்றுவரை பேசுகிறேன். எங்கள் பகுதியில் மேன்ஷன் அறைகளில் தங்கி சினிமாவில் உதவி இயக்குநராக வேலை தேடுகிற பிள்ளைகள் எப்போதும் உண்டு. உதயம் தியேட்டர் இருந்த நாட்களில் இரவுக் காட்சி விட்டு வந்து பன் பட்டர் ஜாமும் டீயும் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்கள். காசு குறைவு, சமைக்க இடமில்லை. அவர்களிடம் போய்ச் சத்துணவுப் பிரசங்கம் செய்ய முடியாது. ஒன்றே ஒன்று சொல்வேன்: ஜாம் வாங்குகிற காசுக்கு வறுத்த வேர்க்கடலை வாங்கு. ஒரு கைப்பிடி, 30 கிராம், அதில் 7 கிராம் புரதம். நாலு ஸ்லைஸில் உள்ள புரதம் அப்படியே இரட்டிப்பாகிறது. ஒரு அவித்த முட்டை இன்னொரு 6 கிராம். டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி, உள்ளே போன கொஞ்சம் இரும்புச்சத்தாவது உடம்பில் சேரும். கேட்டவர்களில் சிலர் கேட்டார்கள்.

வீட்டுப் பெண்களிடம் வேறு மாதிரி பேச வேண்டும். "இட்லிக்கு அரைச்ச பொட்டுக்கடலைச் சட்னி மீதி இருக்கா? டோஸ்ட் பண்ணின பிரெட்ல கெட்டியா தடவிக் குடுங்கம்மா." இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு ஸ்லைஸுக்கு நடுவில் வைத்தால் பள்ளிக்கூட டப்பாவில் மதியம் வரை கெடாது. கொண்டைக்கடலைச் சுண்டலை மசித்து, வெங்காயம், எலுமிச்சை, கொத்தமல்லி போட்டால் எந்தக் கடை சாண்ட்விச்சும் கிட்டே வராது. முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. பிரெட்டுக்குள் சட்னியா என்பார்கள். அந்தப் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அவர்களே வந்து சொல்லியிருக்கிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளின் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. அதில் எங்கள் தெருவின் பங்கு என் கல்லாவுக்கே தெரியும். அவர்கள் வந்து கேட்பது இரண்டு: ஒன்று ரஸ்க், இன்னொன்று பிரவுன் பிரெட்.

ரஸ்க்கைப் பற்றி எனக்குக் கோபமே வரும். ரஸ்க் லேசாக இருக்கிறது, மொறுமொறுவென்று கரைகிறது, ஆகவே அது டயட் என்று யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. பிரெட் மாவிலேயே சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டிப் போட்டு, வெந்ததை வெட்டி, மறுபடி அடுப்பில் காயவைத்து ஈரத்தை முழுக்க எடுத்துவிட்டால் ரஸ்க். ஈரம் போனதால் எடை குறைகிறது, கலோரி அங்கேயேதான் இருக்கிறது. 100 கிராம் பிரெட்டில் 250 கலோரி என்றால் 100 கிராம் ரஸ்க்கில் 400ஐத் தாண்டும். சர்க்கரைக்காரர் டீயில் நனைத்து நாலு ரஸ்க் சாப்பிட்டுவிட்டு, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கிறார். ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவாக ரஸ்க்கைப் பாலில் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரே வேண்டுகோள், வீட்டில் சத்துமாவோ குழைந்த பருப்புச்சாதமோ கொடுங்கள் என்பதுதான்.

பிரவுன் பிரெட்டின் கதை நிறத்தின் கதை. கோதுமையைத் தவிடு நீக்காமல் முழுசாக அரைத்த மாவில் செய்த பிரெட் அழுத்தமான பழுப்பாக இருக்காது, வெளிறிய தவிட்டு நிறத்தில், சின்னச் சின்னப் புள்ளிகளோடு இருக்கும். காபிப் பொடி நிறத்தில் பளபளவென்று இருந்தால் அது பெரும்பாலும் கேரமல் நிறமி. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 150 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். பொருட்பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதல் சொல் மைதா அல்லது சுத்திகரித்த கோதுமை மாவு என்றால், முன்பக்கத்தில் கதிர் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது மைதா பிரெட்தான். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக வந்தபோது ராகி பிரெட், கம்பு பிரெட் என்று நிறைய வந்தன. சிறுதானியத்தில் குளூட்டன் கிடையாது. மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதைப் போட்டால் பிரெட் எழும்பாது, எழும்பினாலும் அடுப்பிலிருந்து எடுத்ததும் உட்கார்ந்துவிடும். மாவில் கை வைத்த யாருக்கும் இது தெரியும். ராகி வேண்டுமென்றால் கூழோ களியோ அடையோதான் அதற்குரிய வழி, பிரெட் அல்ல. ராகி பிரெட் வாங்குகிறவர் மைதாவுக்கு ராகி விலை கொடுக்கிறார்.

சேர்மானங்களைப் பற்றியும் கேட்பார்கள். 2016 மே மாதம் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அங்கே 38 மாதிரிகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் எச்சம் இருப்பதாக வெளியிட்டது. மாவை வலுப்படுத்த இம்ப்ரூவரில் சேர்த்துவந்தது அந்த புரோமேட். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1999இலேயே வகைப்படுத்திய பொருள். ஜூன் மாதமே நம் அரசு அதைத் தடை செய்தது. நல்ல முடிவு, தாமதமான முடிவு. அதே வேலையை வைட்டமின் சி செய்யும், மாவை இன்னும் கொஞ்ச நேரம் பொங்க விட வேண்டும், அவ்வளவுதான். பூஞ்சையைத் தடுக்கும் கால்சியம் புரோபியோனேட் வேறு விஷயம், அதற்கு நான் பயப்படச் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் இந்த ஊர் பிரெட் மூன்றாம் நாளே பச்சை பிடிக்கும். சித்திரை வெயிலில் வேறொரு கிருமி உள்ளே பெருகி, பிரெட்டின் நடுப்பகுதி அழுகிய அன்னாசி வாடையோடு நூல் நூலாக இழுபடும். ஸ்லைஸ் போட்டால் பூஞ்சை ஆபத்து இன்னும் அதிகம். முழு பிரெட்டுக்கு மேல்தோல் கவசம், வெட்டிய பிரெட்டின் ஒவ்வொரு முகமும் காற்றுக்குத் திறந்தது. ஆகவேதான் வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் ஆற விடுகிறோம். சூட்டோடு வெட்டி உறையில் போட்டால் உள்ளே வியர்த்து மறுநாளே கெடும். அன்றன்று விற்கிற கடையில் அன்றன்று வாங்கி இரண்டு நாளில் தீர்ப்பது எதையும்விட நல்லது. மீந்தால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் பிரெட் சீக்கிரம் விறைத்துப்போகும். ஃப்ரீசரில் வைத்து நேராக டோஸ்ட் போடுங்கள்.

பிரெட்டைக் குறை சொல்கிறவர்களிடம் நான் 2015 டிசம்பரை நினைவுபடுத்துவேன். அடையாறு பெருக்கெடுத்து ஜாபர்கான்பேட்டை மூழ்கியபோது எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, பால் இல்லை, கேஸ் இல்லை. மாடியில் சிக்கியவர்களுக்குச் சமைத்த சாப்பாடு போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போனது. பிரெட் போனது, கெடாமல் போனது. டீசல் கிடைத்த வரைக்கும் அடுப்பை அணைக்காமல் ஓட்டினோம். தெருப் பிள்ளைகள் படகில் எடுத்துப் போனார்கள். அப்போதும் பிரெட்டோடு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தோம். சமைக்காமல், தண்ணீர் இல்லாமல், சுத்தமாக ஒரு வேளைப் பசி ஆற்ற இந்த நகரத்தில் பிரெட்டைப் போல் கைகொடுத்த பொருள் வேறில்லை.

அன்றாடச் சாப்பாட்டில் அதற்கு எவ்வளவு இடம்? 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம் என்று இருக்கிறது. நாலு ஸ்லைஸ் 65 கிராம் மாவு என்று முன்பே சொன்னேன். தானியத்தின் கால் பங்கு அதிலேயே தீர்ந்தது. அதற்கேற்ற பருப்பு 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சிறு கிண்ணம் சுண்டல் அல்லது நன்றாக இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பு. மதியம் சோற்றைக் குறைக்காமல், காலையில் நாலு, இரவில் பல் சரியில்லை என்று இன்னொரு நாலு பிரெட் என்றால் அது கூடுதல் சோறு. தனியாக இருக்கும் முதியவர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களிடம் பிரெட்டை விடச் சொல்வதில் பயனில்லை, அவர்களுக்குக் கிடைக்கிற சுலபமான சாப்பாடு அது. ரசத்துக்குப் பதிலாகப் பருப்புத்தண்ணீரில் நனைத்துச் சாப்பிடச் சொல்கிறேன்.

என் பங்குக்கு நான் செய்ய முடிந்தது மாவில்தான். கோதுமை மாவில் 100க்கு 11.4 கிராம் நார்ச்சத்து, மைதாவைப் போல நாலு மடங்கு. இரும்பு இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மில்லில் கல்லில் அரைத்த மாவு பிரெட்டுக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. தவிடு குளூட்டன் இழைகளை வெட்டும், மாவு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், பிரெட் குட்டையாக வரும், ஸ்லைசரில் உதிரும். முதல் நாள் இரவே பாதி மாவைக் கொஞ்சம் ஈஸ்ட்டோடு ஊறவைத்து மறுநாள் மீதியைச் சேர்த்துப் பிசைந்ததில் தவிடு இளகியது. நீண்ட புளிப்பில், இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட்டும் குறைகிறது, இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் கிடைக்கும் அதே பலன். இப்படிச் செய்து கோதுமை 60, மைதா 40 என்ற கலவையில் நிற்கிற பிரெட் வந்தது. நாலு ஸ்லைஸில் நார்ச்சத்து 2க்குக் கீழே இருந்தது 5 கிராம் ஆனது.

அதைப் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே போட்டிருக்கிறோம்: கோதுமை மாவு 60, மைதா 40. எல்லா பேக்கரிக்காரர்களும் இப்படிப் போட வேண்டும் என்று தொழில் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மைதா என்ற சொல்லைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் கருப்பாக இருக்கிற பிரெட்டை வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். போகிறார்கள். மீதியிருப்பவர்கள், ஏன் 100 இல்லை என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காக இப்போது 70க்கு ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாஸ்டர் இன்னும் இரண்டு பங்கு தண்ணீர் வேண்டும் என்கிறார், ஸ்லைசர் பிளேடை மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்.